பாலவாக்கம் கடலில் விழுந்த ஸ்ரீதரின் விமானம்

கடலில் விழுந்த சோதனை விமானத்தைப் பார்த்துப் போட்டியாளர்கள் ரகசியம் கற்றுக்கொள்ள முடியுமா? தொண்ணூறுகளின் நடுவில், ஒரு மார்ச் மாதம், அதற்காகவே பாலவாக்கம் போனேன். நானும் கண்ணாடிக்கார ஸ்ரீதரும் ஒரே கல்லூரி. ஆளுக்கொரு ஆளில்லா விமானம் கட்டியிருந்தோம்; ஒன்றைத்தான் கல்லூரியில் டெல்லிப் போட்டிக்கு அனுப்புவார்கள். என் சிவப்பு விமானம் பிப்ரவரியில், பத்தாவது நிமிடம் மூக்கைத் தூக்கிக்கொண்டு கடலில் விழுந்தது. காற்றைத் திட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அடுத்த மாதம் அவனுடையது முப்பத்தொரு நிமிடம் பறந்து, எரிபொருள் தீர்ந்த பிறகுதான் விழுந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

மறுநாள் காலை 5.40க்கு மயிலாப்பூர் குளத்தருகே பஸ் ஏறினேன். அடையாருக்கு டிக்கெட் ஒன்றரை ரூபாய். அங்கிருந்து ஆறு கிலோமீட்டர்; ஆட்டோக்காரர் நாற்பது கேட்டார், முப்பத்தைந்துக்கு வந்தார். கடற்கரைக்கு எதற்கு ஸ்க்ரூ டிரைவர் என்று வழியெல்லாம் துளைத்தார். ரேடியோ ரிப்பேர் என்றேன்.

கரையில் வலை உதறிக்கொண்டிருந்த மீனவர் ஆரோக்கியத்திடம் விசாரித்தேன்; ஸ்ரீதரின் விமானம் அவர் வலையில்தான் மாட்டியிருந்தது. வலையில் எது மாட்டினாலும் வலைக்காரருக்கே சொந்தம், அங்கே அதுதான் வழக்கம். இறக்கையின் தெர்மாகோலை அதற்குள் வெட்டி வலைக்கு மிதவையாகக் கட்டிவிட்டார். உடல் பகுதி படகோரம் கிடந்தது, வேண்டுமானால் பார்த்துக்கொள் என்றார்.

திறந்தேன். எரிபொருள் டாங்க் என்னுடையதைப் போல மூக்கில் இல்லை; சரியாக இறக்கைக்கு அடியில் இருந்தது. எரிபொருள் குறையும்போது முன்பக்கம் லேசாகாது, மூக்கு தூக்காது. அவ்வளவுதான் ரகசியம். டாங்கைக் கழற்றித் திருப்பினால், அடியில் என் இனிஷியல். என் விமானத்துக்குத் தகர டாங்க் செய்தபோது, சிந்தாதிரிப்பேட்டைப் பட்டறையில் நானே ஆணியால் கீறியது.

ஆரோக்கியம் எட்டிப் பார்த்தார். “இன்னா சார், அப்டியே நின்னுட்ட? போன மாசம் செவப்பா ஒண்ணு மாட்டுச்சு. கண்ணாடி போட்ட ஒருத்தர் வந்து, மணல்லயே குந்திக்கினு மத்தியானம் வரைக்கும் அதையே பாத்துக்கினு இருந்தாரு. உன்னுதா அது?”

இல்லை என்றேன்.

டாங்கை இருந்த இடத்திலேயே பொருத்திவிட்டுத் திரும்பினேன். ஸ்ரீதரைத் திருடன் என்று சொல்ல முடியவில்லை. நான் மட்டும் எதற்குப் போனேனாம்? அவன்தான் டெல்லிக்குப் போனான்.

இப்படி விமானம் விடுகிறவர்களுக்கு: காலை ஏழு மணிக்குள் போங்கள், படகுகள் திரும்பும் நேரம் அது. தெர்மாகோல் மிஞ்சாது, தகரம் மிஞ்சும். விழுந்தது உங்களுடையது என்றால் அன்றைக்கே போங்கள். என் விமானம் ஏன் விழுந்தது என்று ஸ்ரீதருக்குத் தெரிந்திருந்தது, எனக்குத் தெரியவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் பொறாமையாகத்தான் இருக்கிறது.