துரை விட்டுட்டுப் போன நாற்காலி

1. கிராணி வீட்டுப் பின்வாசல்

"உங்க துணிக்கட்டு வந்த பெறகுதான் என் வீட்டுல மூட்டைப்பூச்சி. எடுத்துக்கிட்டுப் போ"ன்னு பெரிய கிராணி என் முகத்துக்கு நேரா அவரு கைலியை வீசினாரு.

மலாயாவுல, காஹாங் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒண்ணுல நானும் என் வீட்டுக்காரரும் டோபி வேலை பார்த்த காலம் அது. ரப்பர் விலை படுத்துக்கிடந்துச்சு. ஆள் குறைக்கிறோம்னு வேண்டாதவங்களை ஊருக்குக் கப்பல் ஏத்திக்கிட்டிருந்தாங்க. யாரை ஏத்தலாம்னு துரைக்கு எடுத்துச் சொல்றவரு, தோட்டத்து ஆபீசுக் கணக்கெல்லாம் பாக்கற இந்தக் கிராணிதான்.

"சனிக்கிழமை புதுத் துரை என் வீட்டுக்கு டீ குடிக்க வர்றாரு. அதுக்குள்ள பூச்சி போகலைன்னா ரெண்டு பேரும் கப்பல் ஏற வேண்டியதுதான்."

துரைமாருங்க கிராணி வீட்டுப் படி ஏறவே மாட்டாங்க. இந்தத் துரை ஊருக்குப் புதுசு, சரின்னு சொல்லிட்டாரு. அதுலேருந்து கிராணிக்குக் கால் தரையில பாவலை.

என் வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கிட்டு "சரிங்கய்யா"ன்னாரு. அந்த மனுசனுக்கு அதைத் தவிர வேற பேச்சு கிடையாது. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

"ஐயா, நாங்க துணியைச் சலவைச் சோடாத் தண்ணில முக்கி வெள்ளாவி வைக்கிறோம். ராத்திரி பூரா ஆவியிலயே வேகுது. அதுல பொழச்சு வர்ற பூச்சி இருந்தா, அதுக்கு நானே கோயில் கட்டறேன்"னேன்.

"வாய் ரொம்ப நீளுது லா உனக்கு"ன்னுட்டு உள்ள போயிட்டாரு.

2. பூச்சியைத் தேடாதீங்க

இப்ப இருக்கற புள்ளைங்க பூச்சியைக் கண்ணால பாத்தாத்தான் நம்புதுங்க. பகல்ல அது வெளிய வந்து உங்களுக்குச் சலாம் போடாது. மொதல்ல ஒடம்பைப் பாருங்க. கொசு கண்ட எடத்துல கடிக்கும். மூட்டைப்பூச்சி கடிச்சா பெரும்பாலும் மூணு நாலு தடிப்பு ஒரே வரிசையா இருக்கும். அப்புறம் துணியைப் பாருங்க. பேனா மசி தெறிச்ச மாதிரி கறுப்புப் புள்ளி இருக்கும், ஈர விரலால தேய்ச்சா துரு மாதிரி பரவும். கட்டில் சந்துல பழுப்பா, காத்துக்குப் பறக்கற மாதிரி தோல் உரிஞ்சு கிடக்கும். ரொம்பப் பெருத்துப்போச்சுன்னா அறைக்குள்ள நுழையும்போதே ஒரு மக்கின வாடை அடிக்கும்.

இதெல்லாம் தெரிஞ்சுதான் நான் கிராணி வீட்டுக் கட்டிலைக் கழட்டிப் பாத்தேன். கிராணியம்மா கூடவே விளக்கைப் பிடிச்சாங்க. மெத்தை ஓரம், கயிறு, கால், ஒண்ணுலயும் ஒண்ணும் இல்ல. அப்பத்தான் எனக்குப் பயம் வந்துச்சு. ஊர்ல எங்களுக்குன்னு ஒரு குடிசை கூட இல்ல. இங்க என் ரெண்டு புள்ளைங்களைப் பொதைச்ச மண்ணு இருக்கு. அதை விட்டுட்டு எங்க போறது?

கொல்லையில உக்காந்து அழுக்குத் துணியைப் பிரிச்சேன். மெத்தைவிரிப்பு சுத்தம். அம்மா சேலையும் சுத்தம். ஐயா கைலியில மட்டும், அதுவும் பின்பக்கம் மட்டும், வரிசையா புள்ளி.

"அம்மா, ஐயா சாயங்காலம் எங்க உக்காருவாரு?"

அம்மா முன்கூடத்தைப் பாத்து மோவாயை நீட்டினாங்க.

அங்க நீளக் கை வச்ச பிரம்பு நாற்காலி கிடந்துச்சு. பழைய துரை சீமைக்குப் போறப்ப கிராணிக்குக் குடுத்துட்டுப் போனது. கிராணியைத் தவிர யாரும் அதுல உக்காரக் கூடாது. ஈரத்துணி போட்டுத் தொடைக்கக் கூடாது. எந்தத் தொந்தரவும் இல்லாம பூச்சி பேரன் பேத்தி எடுத்திருக்கு. ஈர்க்குச்சியை மூட்டுக்குள்ள விட்டு இழுத்தேன். நல்லாக் கொழுத்ததா நாலு வந்துச்சு.

3. சீமைச் சரக்கு

கிராணி மத்தியானம் சாப்பிட வந்தப்ப சொன்னோம். குதிச்சாரு பாருங்க.

"துரை உக்காந்த நாற்காலில மூட்டைப்பூச்சியா? அது லயத்துல, வரிசை வீட்டுல கெடக்கற கூலி ஆளுங்க சமாச்சாரம். நாளைக்குப் புதுத் துரையை இதுலதான் உக்கார வைப்பேன்."

அவரு ஆபீசுக்குத் திரும்பினதும் அம்மா முந்தானையை இழுத்துச் செருகினாங்க. "நீ தண்ணியைக் காய வை. வர்றதை நான் பாத்துக்கறேன்."

நாற்காலியை வெள்ளாவிக் கொட்டகைக்குத் தூக்கிட்டுப் போனோம். காலி மண்ணெண்ணெய் டின்னுல வெந்நீரைக் கொதிக்கக் கொதிக்க மொண்டு ஊத்தினோம். யாரு போயிச் சொன்னாங்களோ, கிராணி வேகுவேகுன்னு வந்துட்டாரு. கையை ஓங்கிக்கிட்டுத்தான் வந்தாரு. பிரம்பு ஓட்டைலேருந்து பூச்சி பொலபொலன்னு கொட்டறதைப் பாத்ததும் கை அப்படியே நின்னுபோச்சு.

"துரைக்குத் தெரிய வேணாம்"னு மட்டும் சொன்னாரு.

மறுநாள் புதுத் துரை வந்தாரு. நான் சமையக்கட்டு வாசல்ல, மேசைத்துணியும் கையுமா நின்னேன். கிராணி இடுப்பு வரைக்கும் குனிஞ்சு நாற்காலியைக் காட்டினாரு. துரை அதைப் பாத்தாரு. ரெண்டு அடி பின்னால வச்சாரு. மூலையில கெடந்த பலகை ஸ்டூலை அவரே இழுத்துப் போட்டு உக்காந்தாரு.

கிராணி முகத்துல ரத்தமே இல்ல. எங்க கதை முடிஞ்சதுன்னு நெனச்சேன்.

துரை டீயை வாங்கக் கையை நீட்டினாரு. சட்டைக்கை மேல ஏறுச்சு. மணிக்கட்டுல நாலு தடிப்பு, செவசெவன்னு, ஒரே வரிசையா. இந்த நாற்காலிக்கு ஜோடி ஒண்ணு துரை பங்களாவுல இருக்குன்னு அப்பத்தான் அம்மாவுக்கு ஞாபகம் வந்துச்சு. முந்தானையை வாயில அடைச்சுக்கிட்டு உள்ள ஓடினாங்க.

கிராணியும் பாத்துட்டாரு. தொண்டையைக் கனைச்சுக்கிட்டு இங்கிலீசுல ரொம்ப நேரம் மெதுவாப் பேசினாரு. துரை சொறிஞ்சுக்கிட்டே தலையாட்டினாரு. அவரு போனதும் கிராணி பின்வாசலுக்கு வந்தாரு.

"திங்கக்கிழமை பங்களாவுக்குப் போங்க. டின்னு எடுத்துக்கிட்டுப் போங்க. இனிமே துரை வீட்டுத் துணியும் உங்களுக்குத்தான்."

"சரிங்கய்யா"ன்னாரு என் வீட்டுக்காரர்.

"ஐயா, அங்க இருக்கறதும் லயத்துப் பூச்சிதானுங்களே?"ன்னேன் நான்.

அவரு கதவைச் சாத்திக்கிட்டு உள்ள போயிட்டாரு. ஆனா அந்தத் தோட்டத்துல எத்தனையோ பேரு கப்பல் ஏறினாங்க, எங்களை யாரும் கூப்பிடலை. அதுக்கப்புறம் எந்த வீட்டுல பூச்சின்னு கூப்பிட்டாலும் நான் கட்டிலுக்குப் போறதில்ல. இந்த வீட்டுல யாரும் தொடக் கூடாத சாமான் எதுன்னு கேட்டுட்டு, தண்ணியைக் காய வைக்கச் சொல்லிருவேன்.