ரக்பி பார்த்த ஒன்றாம் நம்பர்

எந்த வீட்டில் யார், எந்த நேரத்தில், எந்தச் சேனல் பார்க்கிறார்கள் என்று கணக்கெடுக்கும் கம்பெனி ஒன்றில் மூன்று வருஷம் வேலை பார்த்தேன். தொண்ணூறுகளின் கடைசி. டெக்சாஸில், ரவுண்ட் ராக்கில் குடியிருந்தோம். கிரீன் கார்டு வந்த கையோடு எனக்குக் கிடைத்த முதல் வேலை அது. பத்தாங்கிளாஸுக்கு மேல் நான் படித்ததெல்லாம் கடையில் பொட்டலம் கட்டித் தந்த காகிதத்தில்தான். "உன் படிப்பைப் பாத்தா எடுத்தான்? வாயைப் பாத்து எடுத்திருப்பான்" என்றார் என் வீட்டுக்காரர். அவர் கேலியாகச் சொன்னாலும் விஷயம் அதுதான். அந்த வேலைக்கு வாய்தான் வேண்டும்.

எங்களோடு சேர்ந்த வீடுகளில் டிவி மேலே ஒரு சின்னப் பெட்டி இருக்கும். ஆளுக்கு ஒரு நம்பர், நம்பருக்கு ஒரு விளக்கு. டிவி போட்டதும் எல்லா விளக்கும் சிவப்பில் மினுக்கும், யாரப்பா பார்க்கிறது என்று கேட்பதுபோல. உட்காருகிறவர் ரிமோட்டில் தன் நம்பரை அமுக்கினால் அந்த விளக்கு பச்சையாகும். எழுந்து போகும்போது மறுபடி அமுக்கினால் அணையும். இந்த விவரமெல்லாம் ஃபோன் லைன் வழியாக ஆபீஸுக்கு வந்து சேரும். ஜனங்கள் அலுத்துப்போய் அமுக்காமல் விட்டுவிடக் கூடாது. அதற்காக அவர்களைக் கூப்பிட்டு, நேரில் போய், பேசிக்கொண்டிருப்பது என் வேலை.

அந்த வீடுகளில் ஒன்று சிலோன் தமிழர் வீடு. புருஷன் பெண்டாட்டி இரண்டே பேர். அந்தம்மாவை நான் அக்கா என்று கூப்பிடுவேன்; அவருக்கு யாழ்ப்பாணம். புருஷன் கண்டியில் படித்து, பள்ளிக்கூடத்து டீமில் ரக்பி ஆடினவர்; மூக்கு இரண்டு இடத்தில் உடைந்திருக்கும். பெட்டி வைக்கப் போன அன்று எனக்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டு, இந்த ஊர் ஃபுட்பாலைப் பற்றி அவர் சொன்னதை இன்னும் ஞாபகம் வைத்திருக்கிறேன். "ஆறு செக்கண்ட் ஓடுறாங்கள், பிறகு சுத்தி நிண்டு கூட்டம் போடுறாங்கள். இது விளையாட்டில்லைப் பிள்ளை, கந்தோர்." கந்தோர் என்றால் அவர்கள் பக்கத்தில் ஆபீஸ். நான் சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி புடவையில் சிந்தியது.

அவருக்கு ஒன்றாம் நம்பர், அக்காவுக்கு இரண்டு. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு சாட்டிலைட் சேனலில் ரக்பி வரும். அந்த நேரத்துக்குத் தானாகவே டிவி ஓடும்படி டைமர் வைத்திருந்தார். அக்கா ஆஸ்பத்திரி லேபில் சனிக்கிழமைகளில் ஏழிலிருந்து மூன்று மணி ஷிப்ட். ஆகவே ரக்பி அவர் தனியாகப் பார்ப்பது.

மார்ச் மாதம் அவர் செத்துப்போனார். சாமான் வாங்கப் போன இடத்தில், பார்க்கிங் லாட்டில், வண்டிக்குள் உட்கார்ந்தபடியே. மாரடைப்பு. போகிறேன் என்று யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சாவு வீட்டில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "தங்கச்சி, அவற்ற நம்பரை உடனை எடுத்துப்போடாதேங்கோ. அது ஒண்டாவது கொஞ்ச நாள் கிடக்கட்டும்."

ஆள் குறைந்தால் ஒரு ஃபாரம் எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுத்தால் டெக்னீஷியன் வந்து அந்த நம்பரை அழித்துவிடுவான். "சரிக்கா" என்று சொல்லிவிட்டு ஃபாரத்தை என் மேஜை டிராயரில் போட்டேன்.

ஜூன் மாதம் என் சூப்பர்வைசர் ஒரு ஷீட்டோடு வந்து நின்றாள். டெக்சாஸ்காரி. எல்லாரும் அவளுக்கு ஹனிதான்.

"ஹனி, யார் இந்த மனுஷன்? ஒரு சனிக்கிழமை விடாமல் ரக்பி பார்க்கிறான். நம் ஏரியாவிலேயே ரக்பிக்கு எரிகிற பச்சை விளக்கு இது ஒன்றுதான்."

ஷீட்டை வாங்கிப் பார்த்தேன். ஒன்றாம் நம்பர், பத்து மணிக்கு வந்திருக்கிறது. பாதி ஆட்டம் முடிந்து இடைவேளை விட்டதும் அணைந்திருக்கிறது. மறுபாதி தொடங்கும்போது மறுபடி எரிந்திருக்கிறது. போன வாரமும் அப்படியே. அதற்கு முந்தின வாரமும்.

அவள் தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தாள். "டெக்சாஸில் வெள்ளிக்கிழமை ஸ்கூல் ஃபுட்பால், சனிக்கிழமை காலேஜ் ஃபுட்பால், ஞாயிற்றுக்கிழமை சர்ச் விட்டதும் பெரிய ஃபுட்பால். மிச்ச நேரத்தில் ஸ்பானிஷ் சேனலில் சாக்கர். ரக்பிக்கு வாரத்தில் எட்டாவது நாள் ஒன்று வேண்டும். அந்தச் சேனலே அதை எடுத்துவிடலாமா என்று யோசிக்கிறதாம். இந்த ஒரு ஆள்தான் பிடித்து வைத்திருக்கிறான் போல."

எங்கள் தொழிலில் ஒரு பெட்டி சொன்னால், பெட்டி இல்லாத ஆயிரக்கணக்கான வீடுகளும் அதையே பார்த்ததாக அர்த்தம். ஊர் முழுக்கப் பூட்டின வீடுகளில், ஆளில்லாத சோபாக்களில், ஆயிரக்கணக்கான பேர் உட்கார்ந்து ரக்பி பார்க்கிற மாதிரி எனக்குத் தோன்றியது. பட்டப்பகலில், அத்தனை பேர் டைப் அடிக்கிற சத்தத்துக்கு நடுவே, முழங்கை வரை மயிர் கூச்செறிந்தது.

அன்று மத்தியானமே அக்கா வீட்டுக்குப் போனேன். வெளியே நூறு டிகிரி வெயில். உள்ளே ஏசி சத்தத்தைத் தவிர ஒன்றும் இல்லை. அவருடைய நாற்காலியில் உட்கார்ந்த குழி அப்படியே இருந்தது.

"அக்கா, சனிக்கிழமை மார்னிங் இங்க யாராவது டிவி பாக்குறாங்களா?"

"ஆர் பாக்கிறது? நான் வேலையில நிக்கிறன். டிவி டைமரில தானா ஓடும், தானா நிக்கும். எனக்கு அதை நிப்பாட்டத் தெரியாது."

"வேற யார்கிட்டயாவது சாவி இருக்கா?"

"திறப்பு என்னட்டை மட்டும்தான். ஏன் தங்கச்சி?"

சொல்லியிருக்கக் கூடாது. கம்பெனி விதி அது. மனுஷ விதியும் அதுதான். ஆனால் இந்த வாய் இருக்கிறதே. ஷீட்டில் கண்டதைச் சொல்லிவிட்டேன். அழுவார், பயப்படுவார் என்று நினைத்தேன். அக்கா நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முகம் கோணிக்கொண்டது. கோபம்.

"அப்ப நான் இல்லாத நேரமாப் பாத்து வாறாரோ? நான் இஞ்ச ஒவ்வொரு நாளும் தனிய இருந்து காய, இவர் கள்ளமா வந்து பந்தடி பாத்திட்டுப் போறாரோ?"

நான் டிவியைப் போட்டேன். இரண்டு விளக்கும் சிவப்பில் மினுக்கின. அக்கா தன் நம்பரை அமுக்கினார், பச்சையானது. ஒன்று மினுக்கிக்கொண்டே இருந்தது. டிவி தானாக ஓடலாம். ஆனால் விளக்கு பச்சையாக ஒரு விரல் வேண்டும். மறுநாள் டெக்னீஷியன் வந்து பெட்டியையே மாற்றினான். பழைய பெட்டியில் ஒரு கோளாறும் இல்லை என்றான்.

அக்கா ஷிப்டை மாற்றிக்கொண்டு மூன்று சனிக்கிழமை வீட்டில் இருந்தார். தலைவாரிப் பொட்டு வைத்துக்கொண்டு அந்த நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்திருந்தாராம். மூன்று ஷீட்டிலும் இரண்டாம் நம்பர் மட்டும்தான்.

திங்கட்கிழமை என்னைக் கூப்பிட்டார். "நான் இருந்தா வாறார் இல்லை. ஆட்டத்துக்கு நடுவில நான் கதைச்சா அவருக்குப் பத்திக்கொண்டு வரும். சரி, நான் வேலைக்கே போறன். நிம்மதியாப் பாக்கட்டும்."

அந்த வாரம் ஒன்றாம் நம்பர் வந்தது. பத்து மணிக்கு வந்து, இடைவேளையில் எழுந்து, திரும்பி உட்கார்ந்து, முடியும்வரை இருந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஃபோன் வரும். ஒரே கேள்வி.

"வந்தவரோ?"

"வந்தாருக்கா."

"ம்." வைத்துவிடுவார்.

வீட்டில் சொன்னபோது என் வீட்டுக்காரர் சிரிக்கப் பார்த்தார். "பேய்க்கு ரேட்டிங் எடுக்கிற ஒரே ஆள் இந்த நாட்டுல நீதான்டி." சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "அந்தம்மா போறதுக்கு முன்னால அமுக்கி வச்சிட்டுப் போறாங்களோ என்னவோ" என்றார். ஏழு மணிக்கு முன் அமுக்கினால் பத்து மணிக்கு எப்படி எரியும்? இடைவேளையில் எப்படி அணையும் என்று கேட்டேன். அவர் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தார்.

ஆகஸ்ட்டில் சூப்பர்வைசருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அக்காவின் ஆஸ்பத்திரியில் யாரோ அவளுக்குத் தெரிந்தவர்களாம். "ஹனி, செத்துப்போன ஆளை நாம் டிவி பார்க்கிறவனாக எண்ணிக்கொண்டிருக்கிறோமா?" கத்தவில்லை. மெதுவாகக் கேட்டாள், அதுதான் இன்னும் பயமாக இருந்தது. அவள் எதிரிலேயே டிராயரைத் திறந்து ஃபாரத்தை எடுத்தேன். 'இந்த நபர் இப்போது இந்த வீட்டில் இருக்கிறாரா?' என்று ஒரு கேள்வி. இரண்டு கட்டம். பேனாவை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. 'இல்லை' கட்டத்தில் டிக் போட்டேன். டெக்னீஷியன் வருவதற்கு இரண்டு வாரம் ஆகும் என்றார்கள்.

அந்த இரண்டு வாரத்துக்குள் காலேஜ் ஃபுட்பால் சீசன் வந்துவிட்டது. சேனல்காரர்கள் சனிக்கிழமை பத்து மணியை அதற்குக் கொடுத்துவிட்டார்கள். என் டிக்கால்தானா, எப்படியும் எடுத்திருப்பார்களா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் எனக்குத் தைரியம் வரவில்லை.

திங்கட்கிழமை காலை ஷீட் வந்தது. நான் கதவைச் சாத்திவிட்டுப் பார்த்தேன். பத்து மணிக்கு டிவி ஓடியிருக்கிறது. ஒன்றாம் நம்பர் எரிந்திருக்கிறது. ஒரே நிமிஷம். பிறகு அணைந்திருக்கிறது. அப்புறம் அந்தப் பூட்டின வீட்டில் இரண்டு மணி நேரம், பார்க்க ஆள் இல்லாமல் ஃபுட்பால் ஓடியிருக்கிறது.

ஃபோன் அடித்தது.

"வந்தவரோ?"

பொய் சொல்லலாம் என்றுதான் எடுத்தேன். அது வாயில் வரவில்லை. "வந்தாருக்கா. ஆனா ரக்பிய எடுத்துட்டாங்க. வேற ஆட்டம் போட்டுட்டாங்க. ஒரு நிமிஷந்தான் இருந்தாரு."

அந்தப் பக்கம் ஆஸ்பத்திரியில் யாரையோ மைக்கில் கூப்பிட்டார்கள்.

"டிவி தானா நிண்டதோ, இல்லை, அவர் தன்ர நம்பரை நிப்பாட்டிப்போட்டுப் போனவரோ?"

"அவர் நம்பரை அமுக்கிட்டுத்தான்க்கா போயிருக்காரு."

"வடிவாப் பாத்தீங்களோ?"

"நல்லாப் பாத்தேங்க்கா."

"அப்ப சரி" என்றார் அக்கா. பிறகு, "இந்த முறையாவது சொல்லிப்போட்டுப் போனார்" என்றார். "உங்கட ஆளை வரச் சொல்லுங்கோ தங்கச்சி. அவற்ற நம்பரை எடுக்கட்டும். நானே வாயால சொல்லுறன்."

"சரிக்கா" என்றேன்.

டெக்னீஷியன் வந்த அன்று நானும் போயிருந்தேன். அவன் வேலையை முடிக்கும்வரை அக்கா பக்கத்திலேயே நின்றார். தான் கேட்டதால்தான் அவன் வந்திருக்கிறான் என்று நினைத்து, அவனுக்கு நன்றிகூடச் சொன்னார். நான் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டதை அவரிடம் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.