நுனி ஒடிந்த வெண்டைக்காய்

ஐம்பதுகளின் கடைசியில், சிங்கப்பூரிலிருந்த தங்கையைப் பார்க்க நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறிப் போயிருந்தேன். காய் பொறுக்குவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்ற மிதப்பில் தனியாகத் தேக்கா மார்க்கெட்டுக்குள் நுழைந்தேன். ஒரு சீன அம்மாவின் கடையில், ஊர் வழக்கப்படி வெண்டைக்காய் நுனிகளை ஒடித்துப் பார்த்தேன். இருபது காயாவது ஒடிந்திருக்கும். எல்லாம் நல்ல பிஞ்சு. ஆனாலும் எதிர்க்கடைக் காய் இன்னும் பசுமையாகத் தெரியவே, அங்கே வாங்கிக்கொண்டேன்.

திரும்பும்போது, அந்த அம்மா நுனி ஒடிந்த காய்களைத் தன் கூடைக்குள் போட்டுக்கொண்டிருந்தார்.

"அதை விக்கலையாம்மா?" என்றேன்.

"ஒடைச்சது யாரும் வாங்க மாட்டாங்க லா. நம்ம வீட்டுக்கு," என்று சிங்கப்பூர்த் தமிழிலேயே சொன்னார். குரலில் கோபமே இல்லை.

'எனக்கே போடுங்க' என்று சொல்லியிருக்கலாம். பையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டேன்.

இன்றும் காய்க்கடையில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நிற்கிறேன். முற்றலை வாங்கி வந்ததாக மனைவி திட்டுவாள். காரணத்தை அவளிடமும் சொன்னதில்லை.