ஒரு விசேட கருத்துக்காக

அன்பான சகோதர சகோதரிகளே, ஆண்டவர் எங்கள் வீட்டுக்குச் செய்த நன்மையைச் சொல்லப்போகிறேன். இடையில் உங்களைப் பற்றியும் கொஞ்சம் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த தொண்ணூற்றேழாம் ஆண்டுத் தவக்காலம். என் மகன் அருள்நாதன் சீகிரியாவில் ஒரு ஹோட்டலில் சமையல் செய்யும் கோக்கி வேலை பார்த்துக்கொண்டிருந்தான். லீவில் எங்கள் ஊர் உக்குவளைக்கு வரும் வழியில், சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் பஸ்ஸை நிறுத்தி அவனை இறக்கினார்கள். பஸ் அவன் இல்லாமல் வந்து சேர்ந்தது. கண்டக்டர் அவன் பையை மட்டும் வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார்.

நான் காலமெல்லாம் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், வேலை செய்து ஓய்வுபெற்றவன். ஒருவரைக் கைதுசெய்தால் யாருக்கு அறிவிக்க வேண்டும், குடும்பத்துக்கு என்ன தர வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தலைகீழாகத் தெரியும். முறைப்படி முறையிட்டேன். மேலிடத்துக்குப் பிரதி அனுப்பினேன். எல்லாரும் முறைப்படியே பதில் தந்தார்கள்: அப்படி ஒருவர் இங்கே இல்லை.

அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். கோயிலில் நடந்ததைத்தான் இன்றும் தாங்க முடியவில்லை.

ஞாயிறு பூசை தொடங்குமுன் உபதேசியார் பூசைக் கருத்துகளை, அதாவது அன்றைய பூசை யார் யாருக்காக என்பதை, மைக்கில் வாசிப்பது வழக்கம். யாருடைய முழங்கால் சுகத்துக்காக, யாருடைய மாமனாரின் ஆன்ம இளைப்பாற்றிக்காக என்று ஒரு பெயர் விடமாட்டார். என் மனைவி பிலோமினா மகனின் பெயரைக் கொடுத்தாள். அவர் வாசித்தது இதுதான்: "ஒரு விசேட கருத்துக்காக."

பூசை முடிந்து எல்லாரும் தேத்தண்ணி குடிக்கும்போது உபதேசியாரிடம் போய்க் கேட்டேன். கோயில் சபைத் தலைவர் குறுக்கே வந்தார். வேறு யாருமல்ல, என் மகனின் ஞானத்தகப்பன். ஞானஸ்நானத் தொட்டியருகே நின்று "அருள்நாதன்" என்று பெயர் சொன்ன வாய் அது.

"பேரு வேணாம்ண்ணே. வெளியில ஆமி நிக்குது. ஆண்டவருக்குத் தெரியாதா என்ன?"

"ஆண்டவருக்குத் தெரியும். உங்களுக்கு மறந்துறக் கூடாதுன்னுதான் கேக்குறோம்."

"மனசுக்குள்ள சொல்லிக்கங்களேன்."

"செத்துப்போன ஒங்க மாமனாரு பேர மட்டும் எதுக்கு மைக்குல சொல்றீங்க? அவருக்கு ஆமிக்குப் பயமில்லையோ?"

தேத்தண்ணியை உறிஞ்சிக்கொண்டே சிரித்தார் மனுசன்.

பிலோமினா என்னை வெளியே இழுத்தாள். "நீங்க சட்டம் பேசிக்கிட்டு இருங்க. அடுத்த கெழம நானே சொல்லிக்கிறேன்."

சொன்னாள். விசுவாசிகள் மன்றாட்டில் எழுந்து நின்று, "ஆண்டவரே, என் மகன் அருள்நாதன நெனச்சுக்கங்க" என்றாள். கோயில் முழுக்கத் திடீரென்று இருமல் வந்தது. அதற்கடுத்த ஞாயிறு எங்கள் வாங்கில் எங்களைத் தவிர யாரும் உட்காரவில்லை. ஞானத்தகப்பன் பின்வரிசைக்குப் போய்விட்டார். பிலோமினா விடவில்லை. இயேசுவுக்குப் பக்கத்துச் சிலுவையில் தொங்கிய கள்வன் விடுதலை கேட்கவில்லை, தன்னை நினைத்துக்கொள்ளும்படிதான் கேட்டான் என்றாள். நானும் அவளோடு எழுந்து நின்றேன்.

குருத்தோலை ஞாயிறு வந்தது. அன்று மட்டும் சிங்களப் பூசையும் தமிழ்ப் பூசையும் ஒன்றாக நடக்கும். பிலோமினா இரண்டு மொழியிலும் சொன்னாள். பூசை முடிந்ததும் இரத்தோட்டைப் பக்கத்துச் சிங்களப் பெண் ஒருத்தி, முன்பின் தெரியாதவள், குருத்தோலையும் கையுமாக வந்தாள்.

"அம்மே, அருள்நாதன் சொன்னது ஹோட்டல் கோக்கிதானே?"

பிலோமினா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க மஹத்தயா, வீட்டுக்காரரு, ஆமி கேம்புக்கு மரக்கறி லொறி ஓட்றது. அங்க குசினியில ஒரு தமிழ்ப் பொடியன் வெங்காயம் உரிக்கிறான். இந்தப் பேர்தான். அவனத் தேடி யாரும் வரல்லியான்னு கேட்டானாம்."

எந்த முகாம் என்றும் சொன்னாள். அது வெளியே தெரிந்தால் தன் புருஷனுக்கு என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். வாசலில் நின்ற ஆமி அவள் கண்ணிலும் பட்டுத்தான் இருக்கும்.

இடம் தெரிந்த பிறகுதான் என் சட்ட அறிவு எதற்காவது உதவியது. முகாமைக் குறிப்பிட்டு ஒரு சட்டத்தரணி நீதிமன்றத்தில் மனுப்போட்டார். இல்லை என்று சொல்ல அவர்களால் முடியவில்லை. பெந்தெகொஸ்தே திருநாளுக்குமுன் மகன் வீட்டில் இருந்தான். மெலிந்திருந்தான். விரல்களில் வெங்காய வாடை.

"என்னய மறந்துட்டீங்களோன்னு நெனச்சேம்மா."

"ஒன் பேரச் சொல்லிச் சொல்லித்தான்டா எனக்குத் தொண்டையே கட்டிப்போச்சு."

ஞானத்தகப்பன் கேக் பெட்டியோடு வந்தார். "நாங்களும் மறக்கலண்ணே. மனசுல ஜெபிச்சுக்கிட்டேதான் இருந்தோம்."

பிலோமினா வாங்கி வைத்தாள். அவள் நல்ல கிறிஸ்தவள். நான் தொடவில்லை.

ஆண்டவருக்குக் கோடி நன்றி. கடைசி இராவுணவில் தம்மை நினைவுகூரும்படி அவர் அப்பத்தை எடுத்துச் சீடர்களின் கையில் கொடுத்தார். மனசுக்குள் வைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. அது எனக்கு இத்தனை வயதுக்குப் பிறகு, என் மனைவியின் கட்டிய தொண்டையிலிருந்துதான் விளங்கியது. இப்போது நாங்கள் இருவரும் ஞாயிறுதோறும் எழுந்து, இன்னும் வீடு திரும்பாத மற்றவர்களின் பெயர்களைச் சொல்கிறோம். இருமல் இன்னும் வருகிறது.

உங்கள் வாங்கில் பிள்ளையைத் தேடும் தாய் ஒருத்தி இருந்தால், ஆண்டவரை நம்பி வருகிற ஞாயிறு அவளோடு எழுந்து நில்லுங்கள். விசேட கருத்து வேண்டாம். பெயரைச் சொல்லுங்கள். மரக்கறி லொறிக்காரரின் மனைவி எந்த வாங்கில் இருக்கிறாள் என்று உங்களுக்குத் தெரியாது.