கச்சான் குரைக்காத நாட்கள்

நாயையும் பூனையையும் ஒரே வீட்டில் பழக்கியெடுத்த கதையை அப்பா இன்றைக்கும் வருகிறவர்களுக்குச் சொல்வார். அவசரப்படக் கூடாது, முதலில் மணம் பழக வேண்டும், முகம் அதற்குப் பிறகுதான் என்று மிருக வைத்தியர் சொன்னதை, தானே கண்டுபிடித்ததுபோல விளக்குவார். கேட்கிறவர்களும் தலையாட்டிவிட்டுப் போவார்கள். அவர் சொல்லும் கதையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் இருக்காது. அம்மாவும் அதை எடுத்துக் கொடுப்பதில்லை.

அப்போது எனக்கு ஒன்பது வயது. திருகோணமலைத் துறைமுகத்தை நோக்கி இறங்கும் ஓர் ஒழுங்கையில் எங்கள் வீடு இருந்தது. தெருவாசல் படலையில் நின்றால் இரண்டு கூரைகளுக்கு நடுவே துறைமுகத் தண்ணீர் ஒரு கீற்றாகத் தெரியும். அப்பாவுக்குச் சீனன்குடாவில், எண்ணெய்க் குதங்கள் இருக்கும் பக்கம், மின்சார வேலை. வீட்டில் அப்பா, அம்மா, நான், பூசணி. பூசணி எங்கள் பூனை. மஞ்சள் நிறமும் உருண்ட உடம்புமாக இருந்ததால் நான் வைத்த பெயர். அந்த வீட்டிலேயே பிறந்தவள் என்பதால், தன் வீட்டில் நாங்கள் வாடகைக்கு இருப்பதுபோல நடந்துகொள்வாள்.

அந்த வருடம் ஓகஸ்ட் விடுமுறையில் சின்னம்மா எங்களோடு வந்து இருந்தார். அவர் அம்மாவின் தங்கை, சல்லியில் கடற்கரையோரம் குடியிருந்தவர். சித்தப்பா மீன்பிடிக்கிறவர். பங்குனியில் ஒருநாள் தனியே கடலுக்குப் போனவர் திரும்பி வரவில்லை. வள்ளம் கவிழ்ந்தபடி குச்சவெளிப் பக்கம் கரையில் ஒதுங்கிக் கிடந்தது. ஆள் கிடைக்கவில்லை. செய்ய வேண்டிய சடங்கைச் செய்துவிடலாம் என்று சொந்தக்காரர்கள் சொல்லிப் பார்த்தார்கள்.

"ஆளைக் காணாமல் ஆருக்குச் செய்யிறது?" என்று கேட்டுவிட்டுச் சின்னம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாராம்.

நெற்றியில் பொட்டும் கழுத்தில் தாலியும் அப்படியே இருந்தன. ஆனால் சாப்பாடு இல்லை, தலை வாரல் இல்லை. அம்மா சல்லிக்குப் போய் அழுது கூப்பிட்டபோது, "கச்சானை விட்டிட்டு என்னாலை வர ஏலாது" என்று மட்டும் சொன்னாராம்.

கச்சான் சித்தப்பாவின் நாய். எங்கள் பக்கம் நிலக்கடலைக்கும் கச்சான் என்றுதான் பெயர். மேற்கிலிருந்து அனலாக வீசும் காற்றுக்கும் அதே பெயர். நிறத்தைப் பார்த்து வைத்தாரா, ஓட்டத்தைப் பார்த்து வைத்தாரா என்று சித்தப்பாவிடம் நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. சல்லியில் கச்சானுக்குப் பூனை கொல்லி என்று ஒரு பெயரும் இருந்தது. அது எனக்கு முன்பே தெரிந்திருந்தது.

சின்னம்மாவோடு வந்திறங்கிய அன்றே அவன் கயிற்றை அறுத்துக்கொண்டு பாய்ந்தான். பூசணி அம்மாவின் கையில் ஏறி, தோளில் ஏறி, அங்கிருந்து அலுமாரியின் மேல் தாவி, வால் பெருத்து நின்றாள். அம்மாவின் முழங்கையிலிருந்து இரத்தம் வடிந்தது. கச்சான் அலுமாரியை நகத்தால் பிறாண்டிக் குரைத்த குரைப்பில் பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

அப்பா நாயை வேப்பமரத்தில் கட்டிவிட்டு வந்து, "இது சரிவராது. நாயைத் தம்பலகாமத்திலை அண்ணை வீட்டை விடுவம். வயல் காவலுக்கு உதவும்" என்றார்.

சின்னம்மா அவிழ்க்காமல் வைத்திருந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார். "அப்ப நாங்கள் ரெண்டு பேரும் போறம், அத்தான்."

அம்மா வாசலில் குறுக்கே நின்றார். கையில் இரத்தம் காயாமலே இருந்தது. அப்பா அம்மாவின் முகத்தைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், அடுத்த நாள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு மிருக வைத்தியரிடம் போனார்.

வைத்தியர் சொல்லியனுப்பியது சுலபமாகத்தான் இருந்தது. இரண்டையும் கொஞ்ச நாள் ஒன்றையொன்று காண விடக் கூடாது. பூனையை ஓர் அறையில் வைத்துக் கதவைச் சாத்த வேண்டும். கதவுக்கு இந்தப் பக்கம் நாய்க்கும் அந்தப் பக்கம் பூனைக்கும் ஒரே நேரத்தில் சாப்பாடு வைக்க வேண்டும். நாய் படுத்த துணியைப் பூனைக்கும், பூனை படுத்த துணியை நாய்க்கும் மாற்றிக் கொடுக்க வேண்டும். மணம் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பூசணியை முன்னறையில் விட்டோம். அது அப்பாவின் சாய்மனைக் கதிரையும் ஒரு மேசையும் மட்டும் இருந்த சின்ன அறை. பூசணியின் துணிக்கு என்னுடைய பழைய சட்டை இருந்தது. நாயின் துணிக்கு அம்மா ஒரு சாக்கைத் தேடினார். அப்போது சின்னம்மா உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்தார். அடியிலிருந்து, வாய் இறுக்கிக் கட்டிய ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து முடிச்சை அவிழ்த்தார். ஆண்கள் இடுப்பில் உடுக்கும் நீலக் கட்டம் போட்ட சாரம் ஒன்று மடித்தபடி இருந்தது.

"கச்சான் இதிலைதான் படுக்கிறவன்" என்றார்.

நாய் படுக்கிற துணியை யார் இப்படி மடித்துக் கட்டி வைப்பார்கள் என்று எனக்குத் தோன்றியது. அம்மாவும் அந்தச் சாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பை அவிழ்ந்ததுமே, வெளியே மரத்தடியில் கிடந்த கச்சான் எழுந்து நின்று காதுகளை நிமிர்த்தினான். சின்னம்மா சாரத்தை முன்னறைக்குக் கொண்டுபோய், தரையில் போடாமல், சாய்மனைக் கதிரையின் மேல் விரித்துவிட்டு வந்து கதவைச் சாத்தினார்.

அதற்குப் பிறகு கச்சான் குரைக்கவில்லை.

முதலில் அதை நாங்கள் நல்லதென்றே எடுத்துக்கொண்டோம். மரத்திலிருந்து அவிழ்த்துவிட்டதும் அவன் முன்னறைக் கதவடியில் மூக்கை வைத்துப் படுத்திருந்தான். உள்ளே பூனை நடமாடும் சத்தம் கேட்டும் உறுமவில்லை. சில நேரம் திடீரென்று வால் மட்டும் நிலத்தில் தப்பு தப்பென்று அடிக்கும். பிறகு சின்னதாக ஒரு முனகல். "சொன்னனான் எல்லே, எல்லாம் மணந்தான்" என்று அப்பா பெருமைப்பட்டார். அது பூனைக்காக அடிக்கும் வாலில்லை என்று எனக்கே தெரிந்தது. சல்லியில் வள்ளங்கள் கரையேறும்போது அவன் வாலை அப்படித்தான் அடிப்பான். நான் பார்த்திருக்கிறேன்.

சின்னம்மாவும் மாறினார். காலையில் குளித்தார். தலை வாரினார். குசினிக்குள் தானே போய் மீன் சொதி வைத்தார். கதவுக்கு இரண்டு பக்கமும் சாப்பாடு வைக்கும் வேலையைத் தானே எடுத்துக்கொண்டார். நாய்க்கு ஒரு கிண்ணம், பூனைக்கு ஒரு கிண்ணம். கதிரைக்குப் பக்கத்தில், மேசையில், பீங்கான் கோப்பை ஒன்றில் சோறும் சொதியும். அது யாருக்கென்று நான் கேட்டபோது, "ஆறட்டும், தொடாதை" என்றார். பிறகு கதவடியில் கச்சானுக்குப் பக்கத்தில் கால் நீட்டி உட்கார்ந்து, தாழ்ந்த குரலில் ஏதோ கதைத்துக்கொண்டிருந்தார். இடையிடையே நிறுத்துவார். யாராவது மறுமொழி சொல்லி முடியும்வரை நாம் காத்திருப்போமே, அந்த அளவுக்கு நிறுத்துவார்.

"அவள் தேறி வாறாள்" என்று அப்பா சொன்னார்.

"எனக்கெண்டால் பயமாயிருக்கு" என்றார் அம்மா.

ஒருநாள் மத்தியானம் பூசணிக்குப் பால் வைக்க நான் முன்னறைக்குள் போனேன். வெளியே காற்று மண்ணை அள்ளி யன்னலில் எறிந்துகொண்டிருந்தது. அறைக்குள் ஓர் அசைவும் இல்லை. பூசணி அறையின் நடுவில் நின்றாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பசிக்கும்போது என் கால்களுக்கிடையே உரசி உரசி வளைய வருவாள் அல்லவா, அதையே செய்துகொண்டிருந்தாள். முதுகை வளைத்து, வாலைச் சுற்றி, கண்ணை மூடி, ஒரு பக்கமாகச் சாய்ந்து. ஆனால் அங்கே கால் எதுவும் இல்லை. வெறும் சீமெந்துத் தரை. எதன் மேலும் சாயாமல் ஒரு பூனை அவ்வளவு சாய்ந்தால் விழுந்துவிடும். பூசணி விழவில்லை. அவளுடைய விலாவில் மயிர் அழுந்தியிருந்தது.

பாலை வாசலிலேயே வைத்துவிட்டு ஓடி வந்தேன். அம்மாவிடம் சொன்னேன். அம்மா என் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்து, "வெயிலுக்கை திரியாதை" என்றார். ஆனால் முன்னறை வாசல்வரை போனவர் அங்கேயே நின்று மூக்கை உறிஞ்சினார்.

"ஆர் இஞ்சை பீடி பத்தினது?"

அப்பாவுக்குப் புகைக்கும் பழக்கம் இல்லை. எங்கள் குடும்பத்தில் பீடி பிடித்தவர் சித்தப்பா ஒருவர்தான். கதவடியில் இருந்த சின்னம்மா தலை நிமிராமல் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். அம்மா மெல்லப் பின்வாங்கிக் குசினிக்கு வந்து, கழுவி வைத்த கோப்பைகளைத் திரும்பக் கழுவத் தொடங்கினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, இனி முகம் காட்டலாம் என்று அப்பா முடிவுசெய்தார். காலை வெயில் நன்றாக ஏறியிருந்தது. அம்மா கச்சானின் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அப்பா வீடு கூட்டும் தும்புத்தடியோடு காவல் நின்றார். சின்னம்மாதான் முன்னறைக் கதவைத் திறந்தார்.

பூசணி வெளியே வந்தாள். கச்சான் எழுந்தான். நான் கண்ணை மூடித் திறந்தேன். இரண்டும் ஒன்றையொன்று பார்க்கவேயில்லை. அருகருகே, ஒரே வீட்டில் ஒன்றாகப் பிறந்ததுகள் போல, நடந்துபோய் வாசற்படியில் படலையைப் பார்த்தபடி உட்கார்ந்தன. அம்மாவின் கையிலிருந்த கயிறு தொய்ந்தது.

"பாத்தியே?" என்று அப்பா சிரித்தார்.

படலை சாத்தியிருந்தது. அதற்கு அப்பால் ஒழுங்கையில் யாரும் இல்லை. கச்சானின் வால் மெதுவாகப் படியைக் கூட்டத் தொடங்கியது. பிறகு இரண்டு தலைகளும் ஒன்றாகத் திரும்பின. படலையிலிருந்து கிணற்றடிக்கு, கிணற்றடியிலிருந்து நடைபாதைக்கு, அங்கிருந்து வாசலுக்கு. ஒருவர் நடந்து வரும் வேகத்தில். கடைசியில் இரண்டும் அண்ணாந்து பார்த்தன. பூசணி எழுந்து படியின் ஓரத்துக்கு ஒதுங்கினாள். எனக்கு உப்பும் மண்ணெண்ணெயும் பீடியும் கலந்த ஒரு மணம் அடித்தது. கன்னத்தில் ஈரக்காற்றுப் பட்டது. கச்சான் காற்றில் ஈரம் இருக்காது.

கதவருகே நின்ற சின்னம்மா, சேலைத் தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு, சுவரோரமாக விலகி வழிவிட்டார்.

அப்பாவின் சிரிப்பு நின்றுவிட்டது. கச்சான் கயிற்றை இழுத்துக்கொண்டு முன்னறைக்குள் போனான், பூசணி அவனுக்குப் பின்னால். சாய்மனைக் கதிரையின் காலடியில் அவன் சுருண்டு படுக்க, அவனுடைய வயிற்றில் முதுகை வைத்து அவளும் படுத்தாள். சின்னம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அம்மா சாமிப்படத்தடிக்குப் போய் விபூதி எடுத்து வந்து என் நெற்றியில் அப்பினார். அவருடைய விரல் குளிர்ந்திருந்தது. அப்பா தும்புத்தடியைச் சுவரில் சாத்திவிட்டு, கடைக்குப் போகிறேன் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். போனவர் வெறுங்கையோடு திரும்பி வந்தார். கொஞ்ச நேரத்தில் திரும்பவும் போனார்.

மத்தியானச் சாப்பாட்டுக்கும் அந்தக் கதவு திறக்கவில்லை. உள்ளே சின்னம்மாவின் குரல் மட்டும் கேட்டது. ஒரு கட்டத்தில் அழுகைபோல் இருந்தது. பிறகு அதுவும் இல்லை. பின்னேரம் ஆகும்போது அவர் சாரத்தைக் கையில் சுருட்டிக்கொண்டு வெளியே வந்து, "அக்கா, சவுக்காரம் எங்கை கிடக்கு?" என்று கேட்டார்.

அம்மா சவுக்காரத்தைக் கொடுத்துவிட்டுக் குசினி வாசலிலேயே நின்றுவிட்டார். சின்னம்மா கிணற்றடியில் வாளி வாளியாகத் தண்ணீர் அள்ளினார். சாரத்தைக் கல்லில் அடித்துத் தோய்த்தார். அலசினார். திரும்பவும் சவுக்காரம் போட்டார். நுரை வாய்க்கால் வழியாக வாழைக்குப் போனது. பிழிந்து கொடியில் விரித்தபோது, கச்சான் வந்து அந்த ஈரத்துணியை மோந்தான். சுற்றி வந்து திரும்ப மோந்தான். வீட்டைப் பார்த்தான், படலையைப் பார்த்தான். கடைசியில், தன் பக்கத்தில் ஒரு பூனை நிற்பதைக் கண்டான்.

அவன் குரைத்த குரைப்பில் பூசணி வேப்பமரத்தின் பாதிக்குப் போய்விட்டாள். குசினி வாசலில் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அவ்வளவு பாடுபட்டுப் பழக்கியது வீணாய்ப் போனதென்று அழுகிறார் என்று நான் நினைத்தேன்.

அடுத்த கிழமை சல்லிக் கடற்கரையில் சித்தப்பாவுக்குச் செய்ய வேண்டியதைச் செய்தார்கள். சின்னம்மா மறுப்புச் சொல்லவில்லை. என் சட்டையையும் ஒரு பழைய சாக்கையும் வைத்து, நாயையும் பூனையையும் முதலிலிருந்து பழக்கினோம். உறுமலும் சீறலுமாக மாரி மழை தொடங்கும்வரை இழுபட்டு, ஒருவழியாக ஒரே கூரையின் கீழ் ஒன்றையொன்று பொறுத்துக்கொள்ளப் பழகின. சின்னம்மா எங்களோடேயே இருந்தார். அப்பா வருகிறவர்களுக்குச் சொல்வது இந்தப் பகுதியைத்தான்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. மரத்தில் பூனை, அடியில் நாய். கொடியடியில் நின்ற சின்னம்மாவிடம் போய்ச் சண்டைக்கு நின்றேன்.

"ஏன் சின்னம்மா தோய்ச்சனீங்கள்? நல்லா இருந்ததுகள். இப்ப பாருங்கோ."

சின்னம்மா சாரத்தின் சுருக்கத்தைக் கையால் நீவிவிட்டார். அவருடைய விரல்கள் தண்ணீரில் ஊறி வெளுத்திருந்தன.

"காணும் பிள்ளை, இவ்வளவும் போதும்" என்றார். "அந்தாளும் பாவம். வந்து வந்து களைச்சுப்போச்சு."

அப்போதுதான் படலையைத் தள்ளிக்கொண்டு, இரண்டாம் முறையாகக் கடைக்குப் போன அப்பா வியர்க்க விறுவிறுக்கச் சைக்கிளோடு வந்தார். சின்னம்மா சொன்னது அவரைத்தான் என்று நினைத்து, நான் குசினிக்கு ஓடிப்போய் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து அவரிடம் நீட்டினேன்.