இரண்டாம் கேட்டு கங்கம்மாள்

"மகளிர் பாதுகாப்பு அலுவலர். உடல் உறுதியும் கண்டிப்பும் உடையவர். ராணுவம் அல்லது காவல் துறையில் முன் அனுபவம் உள்ளவர். சிறப்புப் பொருளாதார மண்டலத்திலிருந்து எந்தப் பொருளும் உரிய அனுமதியின்றி உள்நாட்டுப் பகுதிக்குள் செல்லாமல் தடுப்பது இவரது கடமை."

காவலுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சி, 2006-இல், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றுக்குக் கொடுத்த தாளில் கங்கம்மாளைப் பற்றி இப்படி எழுதியிருந்தது. கங்கம்மாளை நெல் மூட்டைக்குப் பக்கத்தில் நிறுத்தினால் மூட்டைதான் உயரம். பல்லியைக் கண்டால் அலறுவாள். காவல் துறை அனுபவம் என்று பார்த்தால், காணாமல் போன ஆட்டுக்காகப் புகார் கொடுக்க ஒருமுறை ஸ்டேஷனுக்குக் கிளம்பியிருக்கிறாள். ஆடு எதிரே வந்துவிட்டதால் பாதி வழியில் திரும்பிவிட்டாள்.

அந்த மதில் சுவருக்குள் இருந்த நிலம், வரி விஷயத்தில், இந்தியா இல்லை. சுங்கத்தைப் பொறுத்தவரை அது அந்நிய மண்ணாகக் கருதப்படும் என்று சட்டம் சொன்னது. உள்ளே போகும் சரக்கு ஏற்றுமதி, அங்கிருந்து ஊருக்குள் வருவது இறக்குமதி. ஆக, வல்லத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வரும் கங்கம்மாள் தினமும் காலையில் வெளிநாடு போய்ச் சாயங்காலம் திரும்பினாள். பாஸ்போர்ட் இல்லை, டிபன் பாக்ஸ் உண்டு.

"இன்னாமே, துபாய்லேர்ந்து வந்துட்டியா?" என்று பக்கத்து வீட்டு லீலா கேட்பாள்.

"வந்துட்டேன். ஒட்டகத்துக்குத்தான் ஆட்டோல எடமில்ல."

இரண்டாம் கேட்டில் அவளுக்கு ஒரு திரைச்சீலை மறைப்பும், கையில் பிடிக்கும் மெட்டல் டிடெக்டரும் கொடுத்திருந்தார்கள். உள்ளே செல்போன் சார்ஜர் செய்தார்கள். ஷிப்ட் முடிந்து வரும் பெண்கள் ஒவ்வொருவராக மறைப்புக்குள் வர, கங்கம்மாள் அந்தக் கருவியால் தலையிலிருந்து கால்வரை தடவி அனுப்புவாள். பெரும்பாலும் தெற்குச் சீமைப் பெண்கள். கம்பெனி ஹாஸ்டலில் அறைக்கு எட்டுப் பேராக இருந்தார்கள். எல்லாருக்கும் 'டிரெய்னி' என்று பெயர். இரண்டு வருடம் தாக்குப்பிடித்தால் வேலை நிரந்தரம்.

கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது என்று எந்த விளம்பரத்திலும் போடவில்லை. ஆனால் சேரும்போது கேட்டார்கள். நடுவில் கல்யாணம் செய்துகொண்டவளுக்குப் பயிற்சி முடிந்துவிட்டதாக வாழ்த்துச் சொல்லிப் பஸ் ஏற்றிவிட்டார்கள். உலகச் சந்தையில் போட்டி போடும் நாட்டுக்குத் தாலி ஒரு தடங்கல் என்று எங்கோ யாரோ முடிவு செய்திருந்தார். அதே கம்பெனி ஆயுத பூஜைக்கு ஒரு மெஷின் விடாமல் மஞ்சள் குங்குமம் வைத்தது.

ஆவணியில் ஊருக்கு லீவில் போய்த் திரும்பிய சந்தனமாரியின் நெஞ்சுப் பக்கம் கருவி கீச்சென்றது. தென்காசிப் பக்கத்துப் பெண். பயிற்சி முடிய இன்னும் நாலு மாதம் இருந்தது.

"இன்னாடி அது?"

"ஊக்குக்கா."

"சரி, போ."

மறுநாளும் ஊக்கு. அதற்கு மறுநாளும் ஊக்கு. நான்காம் நாள் கங்கம்மாள் கருவியைக் கீழே வைத்தாள்.

"ஏண்டி, ஊக்க மாட்டிக்கினதுலேர்ந்து உம் மொகத்துல ஒரு களை கீதே, எங்க வாங்கின அத?"

சந்தனமாரி சிரித்தாள். பிறகு அழுதாள். மாமன் மகன் மாரிராஜுக்குத்தான் அவள் என்று சின்ன வயதிலேயே பேசி வைத்திருந்தது. தை மாதம் என்று நாள் குறிக்க இருந்தார்கள். மாமாவுக்கு உடம்புக்கு முடியாமல் போகவே, கண்ணை மூடுவதற்குள் பார்த்துவிட வேண்டும் என்று லீவில் வந்த பிள்ளைக்குக் கோயிலில் வைத்துத் தாலி கட்டிவிட்டார்கள். மாமா அதைப் பார்த்த சந்தோஷத்தில் எழுந்து உட்கார்ந்து, இப்போது வயலுக்குப் போய் வருகிறார்.

"கழட்டி பொட்டில வெச்சுட்டு வரலாமில்ல?"

"கழுத்துல ஏறுனது கீழ எறங்கப்படாதுக்கா. அவுகளுக்கு ஆகாது."

கங்கம்மாள் கீழே வைத்த கருவியைக் கையில் எடுத்துக்கொண்டாள். அவள் கணவர் கோதண்டம் இறந்து சில வருடம் ஆகியிருந்தது. அவள் கழுத்தில் கறுப்புக் கயிற்றில் கோத்த ஒரு தாயத்து மட்டும் இருந்தது. அன்றிலிருந்து சந்தனமாரி வரும்போது மட்டும் கருவி வயிற்றுப் பக்கமே சுற்றிவிட்டுப் போனது.

அப்படியே நாலு மாதம் ஓடியிருக்கும். ஆனால் சரக்கு குறைகிறது என்று மேலிடத்தில் புகார் வர, செக்யூரிட்டி ஆபீசர் வானமாமலை ஒரு சனிக்கிழமை எல்லாக் காவலாளிகளையும் கூப்பிட்டார்.

"திங்கக்கிழமைலேருந்து கதவு நிலை மாதிரி ஒரு மெஷின் வருது. எல்லாரும் அதுக்குள்ள பூந்துதான் போவணும். சத்தம் வந்தா நீங்க தொடக் கூடாது. நேரா எச்.ஆர். ரூமு. அங்க மேடம் பாத்துக்கிடுவாங்க."

அன்று சாயங்காலம் மறைப்புக்குள் கங்கம்மாள் இதைச் சொன்னதும் சந்தனமாரியின் முகம் வெளுத்தது.

"அப்ப நான் ஊருக்குப் போயிருதேன்க்கா."

"ரெண்டு வருசம் நின்னுகினே கால் வீங்கினது இதுக்கா? நாளைக்கு லீவுதானே. வூட்டுக்கு வா."

ஞாயிறு மத்தியானம் சந்தனமாரி வல்லத்துக்கு வந்தபோது, கங்கம்மாள் ஒரு தட்டில் புதுக் கயிறும் குண்டு மஞ்சள் ஒன்றும் வைத்திருந்தாள். தங்கம் இல்லாத இடத்தில் மஞ்சள் கிழங்கைக் கட்டிக்கொள்வது உண்டு, அதுவும் தாலிதான். மஞ்சளுக்கு எந்த மெஷினும் கத்தாது. ஆடிப்பெருக்கில் கயிறு மாற்றும் முறையில், புதியது கழுத்தில் ஏறிய பிறகே பழையதை எடுக்க வேண்டும். கழுத்து ஒரு நொடியும் வெறுமையாக இராது.

"நீயே கட்டிக்கோ. நா அந்தாண்ட போய் நிக்கறேன்."

"ஏன்க்கா?"

"புரியாத மாதிரி கேக்காதடி. நா தொடக் கூடாது."

சந்தனமாரி கயிற்றைப் பின்கழுத்துக்குக் கொண்டுபோய் முடிச்சுப் போடப் பார்த்தாள். தினமும் மயிரிழைக் கம்பிகளைப் பற்றவைக்கும் விரல்களுக்கு அந்த முடிச்சு பிடிபடவில்லை. மஞ்சள் மடியில் விழுந்தது. எடுத்துக் கட்டினாள். மறுபடி விழுந்தது.

"நீங்களே கட்டிருங்கக்கா."

"சொன்னா கேளு. லீலாவ கூப்பிடறேன்."

"லீலாக்கா கட்டுனா நாளைக்கு ஊரு பூராத் தெரியும்."

அது உண்மை. கங்கம்மாள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தாள். பிறகு அந்தப் பெண்ணின் பின்னால் உட்கார்ந்து மூன்று முடிச்சையும் போட்டாள்.

பழைய கயிறு இறங்கியது. இப்போது அந்தத் தங்கத்தை எங்கே வைப்பது? ஹாஸ்டலில் வார்டன் பெட்டியைக் கிளறுவாள். கங்கம்மாளின் வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டாலும் லீலா உள்ளேதான் இருப்பாள். கங்கம்மாள் யோசித்துவிட்டுத் தன் கறுப்புக் கயிற்றை அவிழ்த்து, தாயத்துக்குப் பக்கத்தில் அந்தத் தாலியைக் கோத்து, ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டாள்.

"அக்கா!"

"இன்னாடி அக்கா? எங்கிட்டதான் பத்திரமா இருப்பாரு உம் புருசன்."

திங்கட்கிழமை சந்தனமாரி அந்த நிலைக்குள் நுழைந்து வெளியே வந்தாள். மெஷின் மூச்சு விடவில்லை. கங்கம்மாள் நுழைந்தபோது கூச்சலிட்டது.

"ஏம்மா, ஒனக்கு மட்டும் ஏன் இந்தக் கத்து கத்துது?" என்றார் வானமாமலை.

"பெல்ட்டு பக்கிள் சார். விசில். தோள்ல வில்லை. நீங்க குடுத்ததுதானே சார் எல்லாம்?"

வானமாமலை தானே ஒருமுறை நுழைந்து பார்த்தார். அவருக்கும் கத்தியது. அதற்குப் பிறகு காவலாளிகளுக்குக் கத்தினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இப்படியாக ஒரு தங்கத் தாலி தினமும் காலையில் ஏற்றுமதியாகி மாலையில் இறக்குமதியானது. நாட்டின் அந்நியச் செலாவணிக் கணக்கில் அது சேரவில்லை. ஷிப்ட் முடிந்து போகும்போது சந்தனமாரி கேட்பாள்:

"நல்லாருக்காகளாக்கா?"

"நல்லாத்தான் கீறாரு. ரொம்ப வேர்க்குதாம்."

மார்கழியில் சந்தனமாரிக்கு வேலை நிரந்தரமானது. இனி கல்யாணம் செய்துகொள்ளத் தடையில்லை என்று மேடமே சொன்னாள். அன்றே தாலியை வாங்க ஓடி வந்தவளைக் கங்கம்மாள் விரட்டினாள். "மார்கழில எவ கட்டிக்குவா? தை பொறக்கட்டும். அவரையும் இட்டுகினு வா."

தை பிறந்ததும் மாரிராஜ் தென்காசியிலிருந்து வந்தான். பொண்டாட்டியின் தாலியை இன்னொரு பெண் தன் கயிற்றிலிருந்து கழற்றித் தருவதைப் பார்த்து, கும்பிடுவதா வாங்கிக்கொள்வதா என்று தெரியாமல் இரண்டையும் ஒரே கையால் செய்யப் பார்த்தான். தங்கம் ஏறிய பிறகு மஞ்சள் இறங்கியது. கங்கம்மாள் அப்போது வாசலில் நின்றுகொண்டாள். சந்தனமாரி வெளியே வந்து அவள் காலைத் தொட்டாள்.

பொருள் எதுவும் அனுமதியின்றி வெளியே போகாமல் தடுக்க நியமிக்கப்பட்டவள் கங்கம்மாள். ஒரு புதுப்பெண்ணின் தாலியை, வேலை நிரந்தரமாகும்வரை, தன் கழுத்தில் போட்டு வைத்திருந்து திருப்பிக் கொடுத்தாள்.