சாக்குப் படத்துக்கு ஒரு மாலை

உயிரோடு இருந்த ஒரு பெண்மணியை இறந்துபோனவர் என்று எழுதினேன். அவரே வந்து என் முன்னால் நின்றபோது, அவர் அவரில்லை என்று மைக்கில் பொய் சொன்னேன். முதலாவது சோம்பேறித்தனம், இரண்டாவது கோழைத்தனம். அப்போது எனக்கு வயது நாற்பத்தாறு. வரலாற்றில் முதுகலைப் பட்டம் வேறு.

எண்பதுகளின் கடைசியில் ஏற்காட்டில் ஒரு பள்ளியில் வரலாறு நடத்திக்கொண்டிருந்தேன். அந்தக் கோடையில் மெட்ராஸிலிருந்து ஓர் இளம் பெண் ஓவியர் வந்தார். வரலாற்றில் விடுபட்டவர்களுக்காக எங்கள் பள்ளி மண்டபத்தில் ஒரு கண்காட்சி வைக்கப் போகிறார். எந்தக் கல்வெட்டிலும் பெயர் ஏறாத ஏழு மலைக்காரர்களை நான் தேடித் தர வேண்டும். அவர் காப்பிக்கொட்டைச் சாக்கில், காப்பி டிகாக்‌ஷனைத் தொட்டே படம் வரைவார். சாக்குகளைச் சுமந்து வந்த எங்கள் அட்டெண்டர் என்னைத் தனியாக அழைத்து, "ஏனுங்க, மெட்ராஸ்ல துணிக்கு அத்தனை பஞ்சமுங்களா?" என்று கேட்டார்.

ஆறு பேரைப் பற்றி ஒழுங்காகத்தான் விசாரித்தேன். ஏழாவது ஆள் மாரமங்கலத்துப் பெண்மணி. ஏற்காட்டுச் சந்தைக்கு ஆரஞ்சுக் கூடையைத் தலையில் வைத்துக் காட்டுவழியே நடந்து வருபவர். அந்த வழியில் ரோடு போட அளக்க வந்தவர்கள் பனிமூட்டத்தில் ஒரு வாரம் கருவியும் கையுமாகச் சுற்றிவிட்டு, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தார்களாம். கடைசியில் இவரை முன்னால் நடக்கவிட்டு, பின்னாலேயே முளைக்குச்சி அடித்துக்கொண்டு போனார்களாம். இன்றைக்கும் பஸ் திரும்புகிற வளைவெல்லாம் அவர் திரும்பிய வளைவுதான். ரோட்டோரக் கல்லில் யார் யார் பெயரோ இருக்கிறது, அவர் பெயர் இல்லை.

இதை எனக்குச் சொன்னவர் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ஒரு ரைட்டர். மாரமங்கலத்துக்குப் போய் நேரில் பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஓவியரிடம் சொன்னேன். போகவில்லை. பஸ்ஸில் கூட்டம், கோடை மழை, அட்டைப்பூச்சி. ரோடு போட்டே முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது, இருக்கமாட்டார் என்று நானாகவே தீர்மானித்துக்கொண்டேன். படத்தின் கீழே எழுத உட்கார்ந்தபோது, "வாழ்ந்தார்" என்று முடித்தால் வாக்கியம் மொட்டையாக நின்றது. "வாழ்ந்து மறைந்தார்" என்றதும் வாகாக உட்கார்ந்துவிட்டது. ஓசைக்காக ஒரு மனுஷியை முடித்துவிட்டேன்.

முகம் தெரியாததால் ஓவியர் சாக்கு நிறைய இரண்டு பாதங்களை வரைந்தார். உச்சியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கூடை. கீழே அவர் பெயர், ஊர், என் வாகான வாக்கியம். திறப்பு விழாவுக்கு மூன்று நாள் இருக்கும்போதே படங்களை மாட்டினோம். மறைந்தார் என்று படித்த பிறகு அட்டெண்டர் சும்மா இருப்பாரா? சம்பங்கி மாலை போட்டு, இரண்டு கட்டைவிரலுக்கும் சந்தனப் பொட்டு வைத்து, ஊதுபத்தி கொளுத்திவிட்டார். ஓவியருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை, மாலையையும் சேர்த்துப் புகைப்படம் எடுத்துக்கொண்டார்.

அந்தப் பெண்மணிக்கு வெள்ளக்கடை கிராமத்தில் ஒரு தம்பி. உரம் வாங்க ஏற்காட்டுக்கு வந்தவர் மண்டபத்துக்குள் எட்டிப் பார்த்திருக்கிறார். அக்கா பெயர், அக்கா ஊர், மேலே மாலை. தனக்குச் சொல்லாமலே பிணத்தை எடுத்துவிட்டார்களே என்று அழுதுகொண்டே கடைக்குப் போய், சாவுக்குப் பிறந்த வீட்டு முறையாகப் போடும் கோடிச் சேலை எடுத்துக்கொண்டு மொபெட்டில் மாரமங்கலத்துக்கு விரைந்திருக்கிறார். வாசலில் இறங்கி, "என்னப் பெத்த அக்காவ்!" என்று ஒப்பாரியை ஆரம்பித்தாராம்.

உள்ளேயிருந்து குரல் வந்ததாம்: "ஏன்டா கத்தறே? அடைக்கோழி எந்திரிச்சுப் போவுது பாரு."

இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். திறப்பு விழா அன்று, மாவட்டத்திலிருந்து வந்த பெரிய அதிகாரி குத்துவிளக்கு ஏற்றினார். நான் மைக்கைப் பிடித்து, "மறைந்த அந்த அம்மையாரின் பாதங்கள்" என்று நெகிழ்ந்துகொண்டிருந்தேன். இரண்டாவது வரிசையில் புதுச்சேலை கட்டிய ஒரு வயதான அம்மா எழுந்து நின்றார். அதுதான் கோடிச் சேலை என்று அப்போது யாருக்குத் தெரியும்?

"ஏனுங்க வாத்தியாரே, அது நாந்தானுங்க. நாஞ் சாவவே இல்லீங்களே."

அவர் படத்தை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்பறம், எம்பட காலு இத்தனை பெரிசும் இல்லீங்க. ஆரு அளந்தது?"

சிரிப்பு கிளம்பியது. அதிகாரி என்னைப் பார்த்தார், ஓவியர் என்னைப் பார்த்தார், என் மாணவர்கள் அத்தனை பேரும் பார்த்தார்கள். தவறு என்னுடையது என்று சொல்லியிருந்தால் தீர்ந்தது. நான் சொன்னது இது: "இவர் அந்த அம்மையாரின் தங்கை. துக்கம் தாங்காமல் பேசுகிறார்."

அதிகாரி இளகிப்போனார். தனக்குப் போட்ட பொன்னாடையைக் கழற்றிக்கொண்டு மேடையை விட்டு இறங்கி, அவருக்குப் போர்த்தினார். "உங்க அக்கா பெரிய மனுஷிம்மா."

"எனக்கு அக்காவே இல்லீங்க."

"ஆமாம்மா, இனிமே இல்லதான். மனசத் தேத்திக்கணும்."

கைதட்டல் ஓயவில்லை. அந்தச் சத்தத்தில் அவர் என்னைப் பார்த்துச் சொன்னது முன் வரிசைக்கும் எனக்கும் மட்டும் கேட்டது. "நடந்தவ நானு, செத்தவ நானு. பொன்னாடை மட்டும் தங்கச்சிக்கா?"

மறுநாள் ஓவியரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் மாலையைக் கழற்றினார், படத்தைக் கழற்றினார், சுருட்டி என் கையில் கொடுத்தார். "நீங்களே கொண்டுபோய்க் கொடுங்க, சார்."

மாரமங்கலத்துக்குப் போனேன். அவர் சாமைக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தார். பஸ்ஸில் தயாரித்து வைத்திருந்த மன்னிப்பை முழுவதும் ஒப்பித்தேன். முடிக்கும்வரை கேட்டுவிட்டுச் சொன்னார்: "மைக்குல கொன்னுபோட்டு, காட்டுல வந்து காதுல மன்னிப்புக் கேட்டா ஆருக்குங்க கேக்கும்? எங்க மாடுகூடத் திரும்பல பாருங்க. பஸ்ல ஏறுனா 'தங்கச்சி வருது, எடம் உடுங்க'ன்னு சிரிக்கறானுக. இந்த வழிய நடந்து காட்டுனது நாந்தான்னா, ஒருத்தனும் ஒத்துக்க மாட்டேங்கறான். ரோட்டுக்கு எம்பேரு வேண்டாஞ் சாமி. நான் நாந்தான்னு ஆச்சும் இருக்கோணுமில்ல?"

என்ன செய்யட்டும் என்று கேட்டேன்.

"அடுத்த வாரம் சேர்வராயன் கோயில் நோம்பி. அங்க மைக்கு இருக்குது."

திருவிழா அன்று மலை உச்சியில் நல்ல வெயில், நல்ல கூட்டம். மைக்செட்காரர் காலையிலிருந்து காணாமல் போன குழந்தைகளை அறிவித்துக்கொண்டிருந்தார். அவரிடம் கெஞ்சி மைக்கை வாங்கினேன். அந்த அம்மாவின் பெயரையும் ஊரையும் சொன்னேன். "மாரமங்கலத்து ரோட்டுக்கு வழி காட்டியவர் இவர்தான். இவர் உயிரோடு இருக்கிறார். செத்துவிட்டார் என்று எழுதியதும், தங்கை என்று சொன்னதும் நான். இரண்டும் பொய்." தேங்காய்க் கடையருகே நின்ற என் மாணவர்கள் சிலர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நெஞ்சு லேசாகிவிட்டது. அத்துடன் விட்டிருக்கலாம். ஆனால் மைக்செட்காரருக்குத் தெரிந்தது ஒரே வகை அறிவிப்புதான். அடுத்த ஒரு மணி நேரத்துக்கு அவர் அறிவித்தது இது:

"கண்ணாடி போட்ட வாத்தியார் ஒருத்தரு மைக்செட்டுப் பக்கத்துல நிக்கறாருங்க. உசுரோட இருக்கற மாரமங்கலத்து அம்மா எங்கிருந்தாலும் வந்து கூட்டிக்கிட்டுப் போகவும்."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவர் வந்தார். தோளில் அதே பொன்னாடை. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "வாங்க சாமி. காணாமப் போயிட்டீங்களாமே? மிட்டாய் வேணுங்களா?"

பின்னால் நின்ற தம்பி சிரித்த சிரிப்பில் அவர் கையிலிருந்த தேங்காய் உருண்டு ஓடியது. அன்று மாலை பஸ்ஸில் யாரும் தங்கச்சி என்று சொல்லவில்லை. ஏறியதும், "வாத்தியாருக்கு எடம் உடுங்கப்பா, தொலஞ்சுபோவாரு" என்றார்கள். பல வருடம் சொன்னார்கள்.

அன்றுதான் படத்தை அவரிடம் கொடுத்தேன். திருப்பிப் பார்த்து, தையலை இழுத்துப் பார்த்து, "நல்ல சாக்குங்க" என்று ராகி கொட்டிவைக்க எடுத்துக்கொண்டார்.

அதன்பின் ஒவ்வொரு மார்கழியிலும் மாரமங்கலம் பஸ் கண்டக்டர் ஒரு பை ஆரஞ்சைப் பள்ளியில் இறக்கிவிட்டுப் போவார். கூடவே ஒரு செய்தி, எப்போதும் ஒன்றே. "இன்னும் இருக்கறேன்னு சொல்லச் சொல்லுச்சுங்க."

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மார்கழியில் பை வரவில்லை. புதுக் கண்டக்டரிடம் கேட்டேன். "அந்தப் பாட்டியா? போயிச் சேந்திருக்கும் சார், வயசாச்சில்ல" என்றார்.

"நீ பார்த்தியா?"

"இல்லீங்க."

அந்த பஸ்ஸிலேயே போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். இந்த விஷயத்தில் யார் சொல்லையும் நம்பக் கூடாது என்ற அளவுக்குத் திருந்தியிருந்தேன். இருந்தாலும் பஸ் கிளம்புவதற்குள் பூக்கடைக்கு ஓடிப்போய் ஒரு சம்பங்கி மாலை வாங்கி என் பைக்குள் அடியில் வைத்தேன். அந்த அளவுக்குத்தான் திருந்தியிருந்தேன்.

அவர் வாசலில் உட்கார்ந்து காப்பிக்கொட்டை காயவைத்துக்கொண்டிருந்தார். "வாங்க வாத்தியாரே. இந்த வருசம் காய்ப்பே இல்லீங்க, மரமெல்லாம் சீக்கு" என்றவர் காற்றை முகர்ந்தார். "பையில என்னங்க, சம்பங்கி வாசம் வருது?"

ஒளித்துப் பயனில்லை. எடுத்து நீட்டினேன். இருமல் வரும்வரை சிரித்தார்.

"பூ நல்லாத்தான் இருக்குது, எதுக்கு வீணாக்கோணும்?" என்று வாங்கிக்கொண்டுபோய், கொட்டகையில் கட்டியிருந்த கன்றுக்குட்டியின் கழுத்தில் போட்டார். "வந்தது வந்தீங்க, ஆரஞ்சு மரத்துக்கு ரெண்டு கூடை எரு அள்ளிப் போட்டுட்டுப் போங்க."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எரு சுமந்தேன். இரண்டாவது கூடையோடு திரும்பி வருவதற்குள் கன்றுக்குட்டி மாலையில் பாதியைத் தின்றுவிட்டிருந்தது.